பெர்த்துக்குப் போகும் கைக்கடிகாரம்: பார்சல் காப்புறுதி பற்றி ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான். சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கும் தம்பி ஒருவர், அப்பா விட்டுச்சென்ற சுவிஸ் கைக்கடிகாரத்தை ஆன்லைனில் 4,200 சிங்கப்பூர் வெள்ளிக்கு விலை பேசி முடித்திருக்கிறார். வாங்குபவர் ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் இருக்கிறார். தபாலில் ரெஜிஸ்டர் செய்து அனுப்பினால் போதுமா? கூரியர்காரர் "எங்களிடம் காப்புறுதி உண்டு" என்கிறாரே, அதை நம்பலாமா? "கிஃப்ட் என்று எழுதி 200 வெள்ளி போடுங்கள்" என்று வாங்குபவர் கேட்கிறார், போடலாமா? கடைசியில் ஒன்று: இதேபோல் வெளிநாட்டிலிருந்து வாங்கும்போது என்ன பார்க்க வேண்டும்?

தம்பி, 200 வெள்ளி விஷயத்துக்கு மட்டும் முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். முடியாது என்று இன்றைக்கே அவருக்கு எழுதிவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

நான் சாங்கி ஏர்ஃபிரைட் சென்டரில் ஒரு சரக்கு முகவர் நிறுவனத்தில் இழப்பீட்டுக் கோரிக்கைகளைப் பார்க்கும் மேசையில் பல ஆண்டுகள் இருந்தவன். தொலைந்த பெட்டி, நசுங்கிய பெட்டி, உள்ளே செங்கல்லோடு வந்த பெட்டி எல்லாம் அந்த மேசைக்கு வந்திருக்கின்றன. ஒரு கோரிக்கை தேறுமா தேறாதா என்பது பெரும்பாலும் பெட்டியை ஒட்டி மூடுவதற்கு முன்பே முடிவாகிவிடும். அதனால் இந்தப் பதிலும் அந்த இடத்தில்தான் அதிக நேரம் நிற்கும்.

முதலில் ரெஜிஸ்டர் தபால். அதில் கிடைப்பது ஒரு எண்ணும், கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் முறையும். பொருளின் மதிப்புக்கு அது ஈடு தராது. உலக அஞ்சல் ஒன்றியத்தின் விதிகளில், தொலைந்துபோன பதிவுத் தபால் ஒன்றுக்கு வைத்திருக்கும் இழப்பீடு 30 எஸ்டிஆர். எஸ்டிஆர் என்பது அனைத்துலகப் பண நிதியத்தின் கணக்கு அலகு. நம் காசுக்கு 50 வெள்ளியை ஒட்டி வரும். உங்கள் கடிகாரம் 4,200. இன்னொன்றும் உண்டு. காப்பீடு செய்யாத தபாலில் தங்கம், நகை, இரத்தினக்கல், நாணயம் போன்ற விலையுயர்ந்த பொருள்களை வைப்பதையே அந்த ஒன்றியத்தின் உடன்படிக்கை பொதுவாகத் தடை செய்கிறது. தடை செய்த பொருளை வைத்து அனுப்பியவருக்கு அந்த 50 வெள்ளியும் கிடைக்காமல் போகலாம். ஆகவே ரெஜிஸ்டர் போதாது.

அடுத்து கூரியர். "காப்புறுதி உண்டு" என்று கவுண்டரில் சொல்லும்போது அவர் மனத்தில் இருப்பது பெரும்பாலும் அவர்கள் நிறுவனத்தின் பொறுப்பு வரம்பு. அது சட்டப்படி அவர்கள் கொடுத்தே ஆக வேண்டிய உச்சத்தொகை. விமானத்தில் போகும் சரக்குக்கு இதை 1999-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை நிர்ணயிக்கிறது. சிங்கப்பூரும் ஆஸ்திரேலியாவும் அதில் இருக்கின்றன. வரம்பு கிலோவுக்கு இத்தனை எஸ்டிஆர் என்று எடைக்குத்தான். முன்பு 22 இருந்தது, 2024 டிசம்பர் 28 முதல் 26. உங்கள் பெட்டி, உள்ளே வைக்கும் பஞ்சும் அட்டையும் சேர்த்து, 800 கிராம் வருகிறது என்று வையுங்கள். 26-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 20.8 எஸ்டிஆர். நம் காசுக்கு 40 வெள்ளிக்கும் குறைவு. கடிகாரமாக இருந்தாலும் கடலைமிட்டாயாக இருந்தாலும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். சில கூரியர்கள் தங்கள் நிபந்தனைகளில் இதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தருவார்கள். அதுவும் உங்கள் 4,200-க்குப் பக்கத்தில் வராது.

இந்த இடத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள். விமானச் சரக்கோடு போகும் அனுப்புச் சீட்டான ஏர்வே பில்லை எடுத்துப் பார்த்தால் அதில் மூன்று தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். ஒன்று, போக்குவரத்துக்காக அறிவிக்கும் மதிப்பு. இரண்டு, சுங்கத்துக்காக அறிவிக்கும் மதிப்பு. மூன்று, காப்புறுதித் தொகை. முதல் கட்டத்தில் பெரும்பாலும் என்விடி என்ற மூன்று எழுத்துதான் இருக்கும். மதிப்பு எதுவும் அறிவிக்கவில்லை என்று பொருள். அப்படி இருந்தால் மேலே சொன்ன எடைக் கணக்குதான். அங்கே தொகையை எழுதிக் கூடுதல் கட்டணம் கட்டினால் கூரியரின் பொறுப்பு வரம்பு அந்தத் தொகைக்கு உயரும். அப்போதும் அது காப்புறுதி இல்லை. பெட்டி அவர்கள் கையில் இருந்தபோதுதான் சேதமானது என்று காட்ட வேண்டியது நீங்கள். மூன்றாவது கட்டத்தில் தொகை இருந்து, அதற்குப் பிரீமியமும் கட்டியிருந்தால்தான் காப்புறுதி. கூரியர் நிறுவனங்களின் படிவங்களில் இந்தக் கட்டங்களின் பெயர் மாறும், இடம் மாறும், ஆனால் மூன்றும் மூன்று விஷயம் என்பது மாறாது. கவுண்டரில் கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான்: "நான் கட்டுவது மதிப்பு அறிவிப்புக் கட்டணமா, காப்புறுதிப் பிரீமியமா? காப்புறுதி என்றால் எந்த நிறுவனத்தின் பாலிசி, அதன் நிபந்தனைகளை அனுப்புங்கள்." பாலிசி வாசகத்தைக் காட்ட முடியாதவரிடம் 4,200 வெள்ளிப் பொருளைக் கொடுக்காதீர்கள்.

இப்போது அந்த 200 வெள்ளிக்கு வருவோம். ஆஸ்திரேலியாவில் 1,000 ஆஸ்திரேலிய வெள்ளிக்கு மேற்பட்ட பொருளை இறக்குமதி செய்தால் அறிவிப்புப் பத்திரம் கொடுத்து, அங்குள்ள 10 விழுக்காட்டு ஜிஎஸ்டியும் கட்ட வேண்டும். உங்கள் வாங்குபவர் தவிர்க்கப் பார்ப்பது அதைத்தான். ஆனால் சுங்கத்துக்கு 200 என்று எழுதிய பொருளுக்குக் காப்புறுதியில் 4,200 கேட்க முடியாது. கோரிக்கை வந்ததும் மதிப்பீட்டாளர் முதலில் எடுப்பது சுங்கப் படிவத்தைத்தான். இரண்டு எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் கோப்பு அங்கேயே நின்றுவிடும். காப்புறுதி ஒப்பந்தத்துக்கு அடிப்படையே நீங்கள் சொல்வது உண்மை என்ற நம்பிக்கை; பொய்யான அறிவிப்போடு அனுப்பிய சரக்குக்குப் பணம் தர மறுக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. இதில் நான் வருத்தத்தோடு கவனித்தது, குறைத்து எழுதச் சொன்ன வாங்குபவரே பொருள் வராதபோது முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பார். கையெழுத்து உங்களுடையது, இழப்பும் உங்களுடையது.

ஊருக்கு அனுப்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கிஃப்ட் என்று எழுதினால் இந்தியாவில் வரி இல்லை என்ற பழைய நம்பிக்கை தேக்கா பக்கம் இன்னும் உலவுகிறது. 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புக்கு இருந்த சலுகையை இந்தியா 2019 டிசம்பரில் நிறுத்திவிட்டது. ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் விலக்கு வைத்தார்கள்.

காப்புறுதித் தொகையையும் குறைத்துப் போடாதீர்கள். "பாதிக்குப் போட்டால் பிரீமியம் பாதி, தொலைந்தால் பாதியாவது வருமே" என்று நினைப்பார்கள். தொலைந்தால் பாதி வரும், சரி. சேதமானால்? 4,200 மதிப்புள்ள பொருளை 2,100-க்குக் காப்புறுதி செய்து, அதைப் பழுதுபார்க்க 800 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 என்பது 2,100-க்குள்தானே இருக்கிறது, முழுதாக வரும் என்று எதிர்பார்ப்பீர்கள். வருவது 400. மீதிப் பாதி மதிப்புக்கு நீங்களே காப்புறுதிக்காரர் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். 1906-ஆம் ஆண்டின் கடல்சார் காப்புறுதிச் சட்டத்தின் கோட்பாடு இது; சிங்கப்பூரிலும் அது நடப்பில் உள்ள சட்டம். கடல் என்று பெயர் இருந்தாலும் சரக்குக் காப்புறுதி முழுவதும் அந்தப் பாரம்பரியத்தில்தான் எழுதப்படுகிறது. வணிகர்கள் பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்து, அதற்கு மேல் 10 விழுக்காடு கூட்டி 110 விழுக்காட்டுக்குப் போடுவது வழக்கம். நீங்கள் விலை, கூரியர் கட்டணம் இரண்டையும் சேர்த்தாவது போடுங்கள்.

இனி, எதற்கெல்லாம் பணம் வராது என்று பார்ப்போம். சரக்குப் பாலிசிகளில் மிக விரிவானது ஏ வகை. "எல்லா ஆபத்தும்" என்று பேச்சில் சொல்வார்கள். அதிலும் போதாத பொதிவு (பேக்கிங்), தாமதத்தால் வரும் நட்டம், பொருளுக்குள்ளேயே இருந்த குறை ஆகியவற்றுக்குப் பணம் இல்லை. விமானச் சரக்குக்கான நிலையான விதித்தொகுப்பின் தலைப்பிலேயே "தபாலில் அனுப்புபவை நீங்கலாக" என்று அச்சிட்டிருக்கும். தனியாகப் பாலிசி எடுத்துவிட்டுப் பார்சலைத் தபாலில் போட்டு ஏமாந்தவர்கள் உண்டு. எந்த வழியில் அனுப்பப் போகிறீர்களோ அந்த வழி பாலிசியில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். கைக்கடிகாரம், நகை, நாணயம், ஓவியம் போன்றவற்றைச் சில கூரியர்கள் ஏற்பதே இல்லை. சிலர் ஒரு உச்ச மதிப்பு வைத்திருப்பார்கள். நிபந்தனைக்கு மாறாக அனுப்பினால் பிரீமியம் கட்டியும் பயனில்லை.

போதாத பொதிவு என்பதை நேரில் பார்த்தால்தான் புரியும். ஈசூனிலிருந்து ஓர் அம்மா லண்டனுக்குத் தஞ்சாவூர் ஓவியம் ஒன்றை விற்று அனுப்பினார். கண்ணாடிச் சட்டத்தோடு, தங்கத் தகடு பதித்தது. கண்ணாடி உடைந்து, தகட்டைக் கீறிவிட்டது. பெட்டி எங்கள் மேசைக்குத் திரும்பி வந்தது. வெளியே ஒரு மூலைகூட நசுங்கவில்லை. நான் தூக்கி லேசாகச் சாய்த்தேன். உள்ளே கண்ணாடித் துண்டுகள் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சரசரவென்று ஓடும் சத்தம். திறந்தால் ஓவியத்தைச் சுற்றி இரண்டு தாள் செய்தித்தாளும் ஒரு பழைய புடவையும். வெளியே அடிபடாமல் உள்ளே உடைந்திருக்கிறது, ஆகவே பொதிவு போதவில்லை என்று மதிப்பீட்டாளர் ஒரே வரியில் எழுதினார். அவரோடு வாதாட என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அந்த அம்மாவிடம் தொலைபேசியில் அதைச் சொன்ன மாலையை நான் மறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஓவியத்தை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவில் வைத்து அனுப்பியிருந்தால் அது முழுசாகப் போய்ச் சேர்ந்திருக்கும்.

கடிகாரத்துக்கு இரண்டு பெட்டி வேண்டும். உள்பெட்டியில் கடிகாரம் அசையக் கூடாது. உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவில் ஆறு பக்கமும் ஐந்து சென்டிமீட்டராவது பஞ்சு அல்லது குமிழித்தாள் இருக்கட்டும். மூடிய பிறகு காதருகே வைத்துக் குலுக்குங்கள். சத்தம் கேட்டால் மறுபடி பிரியுங்கள். வெளியே கடிகார நிறுவனத்தின் பெயர் தெரியும் பெட்டி வேண்டாம். அனுப்புநர் முகவரியிலும் "வாட்ச்" என்ற சொல் வேண்டாம். பொருள் என்னவென்று சுங்கப் படிவத்தில் மட்டும் உண்மையாக இருக்கட்டும்.

பழைய கடிகாரத்துக்கு இன்னொரு கண்ணி உண்டு. வெளியே எந்த அடையாளமும் இல்லாமல் இயந்திரம் மட்டும் நின்றுபோனால், அதை இயந்திரக் கோளாறு என்று சொல்லிப் பல பாலிசிகள் ஒதுக்கிவிடும். அதனால் மூடுவதற்கு முன் ஒரே தொடர்ச்சியாக, வெட்டாமல் ஒரு காணொளி எடுங்கள். பின்மூடியில் இருக்கும் தொடர் எண் தெளிவாகத் தெரிய வேண்டும். நொடிமுள் ஓடுவதும், பக்கத்தில் உங்கள் கைப்பேசியில் தேதியும் நேரமும் தெரிய வேண்டும். பிறகு பெட்டிக்குள் வைப்பது, ஒட்டுவது, ஒட்டுநாடாவின் மேல் குறுக்கே நீங்கள் கையெழுத்திடுவது. கடைசியாகப் பெட்டியைச் சமையலறைத் தராசில் வைத்து எண்ணைப் படமெடுங்கள்.

அந்தத் தராசுப் படத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கேமரா லென்ஸ் விற்ற ஒருவரின் பெட்டி வெளிநாட்டில் திறந்தபோது வெறும் தாளாக இருந்தது. கூரியர் தரப்பு, அனுப்பியதே தாள்தானோ என்று கேட்டது. அவரிடம் தராசுப் படம் இருந்தது: 1,340 கிராம். ஏற்றுக்கொண்ட சீட்டிலும் கிட்டத்தட்ட அதே எடை. போய்ச் சேர்ந்த ஊரின் கிடங்கில் பதிவான எடையைக் கேட்டு வாங்கினோம்: 910. நடுவில் குறைந்தது லென்ஸின் எடை. ஒட்டுநாடாவின் குறுக்கே இருந்த கையெழுத்தும் திறந்தபோது எடுத்த படத்தில் காணோம். மேலே புது நாடா. அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை, முழுத்தொகை வந்தது.

யாருடைய நட்டம் என்பதையும் அனுப்பும் முன் எழுத்தில் பேசிவிடுங்கள். சிங்கப்பூரில் நடப்பில் உள்ள பொருள் விற்பனைச் சட்டத்தின்படி, வேறு ஏற்பாடு இல்லையென்றால், பொருளைப் போக்குவரத்து நிறுவனத்திடம் ஒப்படைப்பது பொதுவாக வாங்குபவரிடம் கொடுத்ததற்குச் சமம். ஏட்டுச் சட்டம் உங்கள் பக்கம் இருப்பதுபோல் தெரியும். நடைமுறையில் தளத்தின் விதியும் கடன் அட்டை விதியும் அதற்கு முன்னால் வந்து நிற்கும். பொருள் வரவில்லை என்று அவர் ஒரு பொத்தானை அழுத்தினால் பணம் உங்களிடமிருந்து போய்விடும். பேபாலில் விற்பனையாளர் பாதுகாப்பு வேண்டுமென்றால் 750 அமெரிக்க டாலருக்கும் அதற்கு மேலும் உள்ள விற்பனைக்குக் கையெழுத்தோடு கூடிய ஒப்படைப்புச் சான்று கேட்கிறார்கள். அதனால் நேர்மையான, நடைமுறைக்கும் ஒத்த ஏற்பாடு, அவர் கையெழுத்திடும் வரை பொறுப்பு உங்களுடையது, காப்புறுதியும் உங்கள் பெயரில் என்று எழுதிவிடுவது. பிரீமியத்தை விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கையெழுத்து என்றேன். கதவருகே வைத்துவிட்டுப் போவதை ஆஸ்திரேலியாவில் சாதாரணமாகச் செய்வார்கள். நம் புளோக்குகளிலும் செருப்பு அலமாரியின் மேலும், தண்ணீர் மீட்டர் பெட்டிக்குள்ளும் வைத்துப் படம் எடுத்து அனுப்புகிறார்கள். பாலிசியின் பார்வையில் பெட்டி சேரவேண்டிய இடத்தில் இறங்கியதும் பாதுகாப்பு முடிகிறது. அதற்குப் பிறகு யாராவது எடுத்துப்போனால் அது பயணத்தில் நடந்த இழப்பு ஆகாது. நேரில் கையெழுத்து வாங்கித்தான் தரவேண்டும் என்ற சேவையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். வாங்குபவரும் "இல்லாவிட்டால் வாசலில் வையுங்கள்" என்ற அனுமதியைத் தன் கணக்கில் கொடுத்துவைத்திருக்கக் கூடாது.

வீட்டுக் காப்புறுதி இதற்கு உதவுமா என்று சிலர் கேட்பார்கள். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் தீக்காப்புறுதி வீட்டின் கட்டமைப்புக்கும் கழகம் பொருத்திக் கொடுத்தவற்றுக்கும் மட்டுமே. வீட்டுக்குள் இருக்கும் உங்கள் பொருளுக்கே அது கிடையாது. தனியாக எடுத்த வீட்டுப்பொருள் பாலிசியும் விற்று அனுப்பிய பார்சலைப் பெரும்பாலும் ஏற்காது.

சேதம் நடந்துவிட்டால் காலக்கெடுதான் முக்கியம். மாண்ட்ரியல் உடன்படிக்கைப்படி, சேதமான சரக்கைப் பற்றிப் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் எழுத்தில் புகார் போக வேண்டும். தாமதத்துக்கு 21 நாள். வழக்குப் போட இரண்டு ஆண்டு. கூரியரின் சொந்த நிபந்தனையில் வேறு கெடுவும் இருக்கலாம், எது முதலில் வருகிறதோ அதைப் பிடியுங்கள். காப்புறுதி இருக்கிறதே என்று கூரியருக்கு எழுதாமல் விட்டுவிடாதீர்கள். காப்புறுதி நிறுவனம் உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு உங்கள் இடத்தில் நின்று கூரியரிடம் வசூலிக்கும். அந்த உரிமையை நீங்கள் காலம் கடத்திக் கெடுத்துவிட்டால் உங்கள் தொகையில் கைவைப்பார்கள். மதிப்பீட்டாளர் பார்க்கும் வரை பெட்டி, பஞ்சு, நாடா எதையும் எறியக் கூடாது என்று வாங்குபவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். காப்புறுதி நிறுவனமே நியாயமில்லாமல் மறுத்தால், தனிநபர்கள் நிதி நிறுவனங்களோடு உள்ள தகராறுகளைக் கேட்கும் ஃபிட்ரெக் என்ற அமைப்பு இங்கே இருக்கிறது.

வாங்கும் பக்கம் சுருக்கமாக. வெளிநாட்டிலிருந்து 400 வெள்ளிக்கு மேல் உள்ள பொருள் வந்தால் 9 விழுக்காட்டு ஜிஎஸ்டியைப் பொருளின் விலைக்கு மட்டும் போடமாட்டார்கள். அனுப்பும் செலவையும் காப்புறுதிப் பிரீமியத்தையும் கூட்டிப் போடுவார்கள். 900 வெள்ளி லென்ஸ், 60 வெள்ளி கூரியர், 15 வெள்ளி காப்புறுதி என்றால் 975-க்கு வரி, 87 வெள்ளி 75 காசு. 400-க்கு உட்பட்டவற்றுக்கு 2023 ஜனவரி முதல் பதிவுபெற்ற விற்பனையாளரும் தளமும் விற்கும்போதே வரியை வாங்கிவிடுகிறார்கள். பெட்டியைத் திறக்கும்போதும் ஒட்டுநாடாவிலிருந்து தொடங்கி வெட்டாத காணொளி எடுங்கள். அடிபட்ட பெட்டி என்றால் "சேதத்தோடு பெறப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். தளமே பணத்தைப் பிடித்துவைத்திருக்கும் ஏற்பாடு இருந்தால் அதை விட்டு வெளியே போய், வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பும் பேநவ்வில் அனுப்பாதீர்கள். போன பணம் திரும்பாது. விற்றவர் உள்ளூர்க்காரர் என்றால் சிறு தொகை வழக்குகளைக் கேட்கும் ஸ்மால் கிளெய்ம்ஸ் டிரைபியூனல்ஸ் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இருவரும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை, இரண்டு ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமல் போகலாம்.

உள்ளூர் விற்பனை என்றால் 4,200 வெள்ளிப் பொருளை அனுப்பவே அனுப்பாதீர்கள் என்பதுதான் என் கருத்து. எம்ஆர்டி நிலையத்தில் நேரில் சந்தித்து, பணம் உங்கள் கணக்கில் விழுந்ததைப் பார்த்துக் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

பெர்த் விஷயத்தில் இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டே. வாங்குபவருக்கு உண்மையான விலையைத்தான் எழுதுவேன் என்று சொல்லுங்கள். வரி பிடிக்காமல் அவர் விலகினால் விலகட்டும், அப்பாவின் கடிகாரத்துக்கு வேறு ஆள் வருவார். அவர் ஒப்புக்கொண்டால் கடிகாரத்தை ஏற்கும் கூரியரைப் பார்த்து, பாலிசியை வாங்கிப் படித்துவிட்டு அனுப்புங்கள். கவுண்டரில் தரும் சீட்டில் அச்சாகும் எடையை உங்கள் தராசுப் படத்தோடு அங்கேயே ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் மறுபடி எடைபோடச் சொல்லுங்கள். கவுண்டரை விட்டு நகர்ந்த பிறகு அந்த எண்ணை யாரும் திருத்தித் தரமாட்டார்கள்.